தானாகப் போன ஃபைல்

பையைக் கீழே வைக்காதே அம்மா. பஸ்ஸில் மீன் கூடை ஏறியிருக்கிறது, தண்ணீர் இந்தப் பக்கமாகத்தான் ஓடிவரும். மடியில் வைத்துக்கொள். உள்ளே கம்ப்யூட்டர்தானே? பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். பதினாறு வருஷம் அதோடு மாரடித்தவள் நான். பண்ருட்டியில் தாலுகா ஆபீசுக்கு எதிரில் வேதா கம்ப்யூட்டர்ஸ் என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். இப்போது கேட்டுப் பிரயோஜனமில்லை, பூட்டிக் கிடக்கிறது. வேதவல்லி என் பெயர்.

உனக்கு என்ன வேலை? வெப்சைட் செய்கிறாயா? அதுதானா! அப்படியென்றால் உன்னைக் கடவுள்தான் இந்த சீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். ஒரே ஒரு கேள்வி. விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் பதில் சொன்னால் போதும். பத்தரை மணிக்கு எனக்குக் கோர்ட்டில் சாட்சி.

ஒரு ஃபைல், யாரும் தொடாமல், தானாகவே போய் ஒரு வெப்சைட்டில் உட்கார்ந்துகொள்ளுமா?

சிரிக்காதே. இல்லை என்று உடனே தலையை ஆட்டாதே. எல்லாரும் அப்படித்தான் ஆட்டுகிறார்கள். முழுசாகக் கேள், பிறகு சொல்.

பொற்கொடி என்று ஒரு பெண். என் கடையில் நான்கு வருஷம் வேலை பார்த்தாள். பன்னிரண்டாவதுதான் படித்தவள், ஆனால் கம்ப்யூட்டர் அவள் விரலுக்குக் கட்டுப்பட்ட மாதிரி வேறு யாருக்கும் கட்டுப்பட்டு நான் பார்த்ததில்லை. அவள் புருஷன் தனவேல். பலா மண்டியில் பழம் அறுத்துச் சுளை எடுப்பவன். பலா அறுக்கிற கத்தியைப் பார்த்திருக்கிறாயா? முழங்கை நீளம் இருக்கும். பால் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவியே வைத்திருப்பார்கள். ஓங்கி ஒரே போடு, பழம் இரண்டாகப் பிளந்து விழும். அதைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் நிற்பார்கள்.

அவன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபக்காரன். எனக்கு உடன்பிறந்தவன் கிடையாது. வேதாக்கா, வேதாக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். சீசனில் முதல் பழம் என் வீட்டுக்குத்தான். நான் காய்ச்சலில் கிடந்தபோது ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவன் அவன். அடிப்பான், ஆமாம். யார்தான் அடிக்கவில்லை?

ஒருநாள் கடையில் நல்ல கூட்டம். சான்றிதழுக்கு வந்தவர்கள் வாசல் வரை நிற்கிறார்கள். நேராக உள்ளே வந்தான்.

"மூணு தடவ போன் அடிச்சேன். எவன்கூடடி பேசிக்கிட்டு இருந்த?"

"கஸ்டமர் நிக்கிறாங்க, கண்ணு தெரியலயா?" என்றாள் அவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. திரும்பியாவது பார்த்திருக்கலாம்.

மயிரைக் கொத்தாகப் பிடித்தான். ஜெராக்ஸ் மெஷினின் மூடி திறந்திருந்தது. அந்தக் கண்ணாடி மேல் முகத்தை வைத்து இடித்தான். ஒன்று. இரண்டு. மூன்றாவது முறை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவன் முழங்கை பட்டனில் பட்டிருக்க வேண்டும். உள்ளே பச்சை வெளிச்சம் ஒன்று அவள் முகத்துக்குக் கீழே மெதுவாக நகர்ந்து போயிற்று. கூட்டம் கையில் மனுவோடு பார்த்துக்கொண்டு நின்றது. மெஷின் மட்டும் தன் வேலையைச் செய்து ஒரு காகிதத்தை வெளியே தள்ளியது.

எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கக் கன்னம் நசுங்கியிருந்தது. கண் ஒன்று, முழுசாகத் திறந்திருந்தது. மூக்கிலிருந்து கருப்பாக ஒரு கோடு. ரத்தம் ஜெராக்ஸில் கருப்பாகத்தான் விழும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டேன். வேறென்ன செய்வது? நாலு பேர் வந்து போகிற கடை. ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். அவளிடம் சொன்னேன்: "போ, வீட்டுக்குப் போய் அவனுக்குப் பிடிச்சதா எதாவது ஆக்கி வை." நல்லதுதானே சொன்னேன்?

இங்கே பார், என் புருவத்துக்கு மேலே. தொட்டுப் பார், பரவாயில்லை. பதினோரு தையல். அம்மிக் குழவி. என் வீட்டுக்காரர், சம்பந்தம் என்று பெயர், இப்போது உயிரோடு இல்லை. குழம்பில் உப்புக் குறைவு என்று எடுத்து வீசினார். தையல் போட்ட டாக்டரிடம் படியில் விழுந்தேன் என்றேன். அவரும் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் கடையைத் திறந்தேன். இருபத்திரண்டு வருஷம் அம்மா. விலா எலும்பு, இந்தச் சுண்டுவிரல், இந்தப் பக்கத்துக் காது கேட்காது. ஓடினேனா? கடைசியில் அவருக்கு வாயில் தண்ணீர் விட்டது யார்? நான்தான். அதற்கு ஒரு மரியாதை உண்டா இல்லையா?

நான் கேட்டதற்கு வருகிறேன். ஃபைல்.

உனக்குத் தெரியும், மனு என்றால் இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். ஒரு மனுவுக்கு இருபத்தைந்து கட்டம் நிரப்ப வேண்டும். பெயர், அப்பா பெயர், தெரு, பின்கோடு. பொற்கொடி சின்னதாக ஏதோ எழுதி வைத்தாள். ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாக் கட்டமும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரம்பிவிடும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடையிலும் அது கிடையாது. ஆனால் மனுவின் அடியில் இருக்குமே, ஃபைலைத் தேர்ந்தெடு என்று, அந்தப் பெட்டி மட்டும் நிரம்பாது. அதைக் கையால்தான் திறக்க வேண்டும். கையால்தான் தேடி எடுக்க வேண்டும். அதிலும் பின்கோடில் ஒரு எண் தப்பாகிவிட்டால் போதும், பக்கம் திரும்பி வந்துவிடும். பெயர் இருக்கும், தெரு இருக்கும், ஃபைல் பெட்டி மட்டும் துடைத்துவிட்ட மாதிரி காலி. ஐந்து ஃபைல் என்றால் ஐந்தையும் மறுபடி எடுக்க வேண்டும். வாசலில் நிற்கிறவன் கத்துவான்.

"இதையும் தானா நெரப்புற மாதிரி எழுதுடி" என்றேன்.

"முடியாதுக்கா. புரோகிராம் எழுதி அந்தப் பெட்டிய நெரப்ப முடியாது. பிரவுசர் வுடாது."

"ஏன் வுடாது? என் கட, என் மெஷினு, என் ஃபைலு. எனக்கே தரமாட்டேங்குதா?"

"உங்களுக்குத் தரும்க்கா. வெப்சைட்டுக்குத்தான் தராது. இல்லன்னா நீங்க எந்தப் பக்கத்தத் தொறந்தாலும் அவன் பாட்டுக்கு உள்ள பூந்து, இருக்கிறதெல்லாம் அள்ளிக்கிட்டுப் போய்டுவான்ல? அந்தத் தேடுற ஜன்னல்கூடத் தானா தொறக்காது. ஒரு ஆளு கிளிக் பண்ணாத்தான் தொறக்கும். ஒரு ஆளு எடுத்துக் குடுத்தாத்தான் போவும்."

இதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம், ஏதோ தன் தாய்வீட்டுப் பெருமையைச் சொல்கிற மாதிரி. இன்னும் கேளுங்க என்றாள். "அப்பிடி எடுத்துக் குடுத்தாலும், ஃபைலோட பேர மட்டும்தான் வெப்சைட்டுக்குச் சொல்லும். எந்த எடத்துல இருக்குன்னு சொல்லாது. கேட்டா பொய்யா ஒரு எடத்தச் சொல்லும்."

"பொய் சொல்லுமா?"

"நல்ல பொய்யிக்கா" என்று சிரித்தாள். முன்பல்லில் ஒன்று பாதி உடைந்திருந்தது, அது தெரியச் சிரித்தாள்.

எனக்கு எரிச்சல். கையில் மரஸ்கேல் இருந்தது. விரலில் ஒன்று வைத்தேன். செல்லமாகத்தான். கொஞ்சம் பலமாகப் பட்டுவிட்டது, நகம் கருத்துப்போயிற்று. அந்த விரலோடு வேலையைப் பார்த்தாள்.

நான் விடவில்லை. ஒரு மாதம் அந்தப் பெட்டியோடு சண்டை போட்டேன். ஃபைல் இருக்கிற இடத்தை முழுசாக டைப் அடித்துப் பார்த்தேன், எழுத்தே விழவில்லை. வேறு பிரவுசர் போட்டேன். நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். அவனும் இதையேதான் சொன்னான்: "இது ரிப்பேர் இல்லம்மா. பூட்டு. பூட்டச் சரிபண்ணச் சொல்லலாம், ஒடைக்கச் சொல்லாதீங்க." கீபோர்டை எடுத்து மேஜையில் அடித்தேன், எழுத்தெல்லாம் பல் மாதிரி சிதறியது. அவ்வளவு கோபம். கைக்கு அடங்காத எதைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? ஆமாம், அவளும் அதைத்தான் சொன்னாள், நீயும் அதைத்தான் சொல்வாய், ஆள் தொடாமல் போகாது என்று. அதனால்தான் சொல்கிறேன், முழுசாகக் கேள்.

போன சித்திரை. பலா சீசன் உச்சத்தில். என்ன தகராறோ தெரியாது. ஈரக் கயிற்றால் அடித்திருக்கிறான். அடித்து முடித்துவிட்டு, மண்டிக்கு நேரமாயிற்று என்று, அவள் சடையை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டான். நான் வருகிற வரை நில் என்று. நீளமான முடி அவளுக்கு. இடுப்புக்குக் கீழே வரும். மத்தியானம் வரை நின்றிருக்கிறாள். பிறகு காலை நீட்டி, விரலால் அரிவாள்மணையைப் பக்கத்தில் இழுத்து, முடியைப் பிடரியோடு அறுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் வந்து பார்த்தபோது ஜன்னலில் சடை மட்டும் தொங்கியதாம். அதைக் கையில் சுற்றிக்கொண்டு நேரே என் கடைக்கு ஓடிவந்தான். என் காலடியில் உட்கார்ந்து அழுதான் அம்மா. ஆம்பிளை, முகத்தைச் சடையில் புதைத்துக்கொண்டு அழுதான். அந்தச் சடையில் கனகாம்பரம் இன்னும் வாடவில்லை. எனக்குத் தாங்கவில்லை. நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் எனக்காக ஒரு நாள் அழுதாரா?

இரண்டு வாரம் கழித்து அவள் போன் செய்தாள். விழுப்புரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். துணிக்கடையில் பில் போடுகிற வேலை. "அக்கா, உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன். எங்கம்மாவுக்குக்கூடச் சொல்லல" என்றாள். ஒரு நல்ல வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் வந்திருக்கிறது, அவளுடைய சான்றிதழெல்லாம் என் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கூடவே விலாசத்துக்காக ஹாஸ்டல் கொடுத்த கடிதத்தையும் அனுப்புகிறேன், சேர்த்து ஏற்றிவிடுங்கள் என்றாள். ஏற்றினேன். ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். குறை வைக்கவில்லை.

போனை வைக்கும்போது என்ன சொன்னாள் தெரியுமா? "ஒடம்பு வலி இல்லாம தூங்குறேன்க்கா. எட்டு மணி நேரம். இப்பிடி ஒரு தூக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா."

தெரியாதாம். எனக்கு மட்டும் தெரியுமா?

அதே திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தனவேல் கடைக்கு வந்தான். மனைவியைக் காணவில்லை என்று ஒரு மனு போட. கல்யாணப் போட்டோவை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தான். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கட்டமெல்லாம் நிரம்பியது. போட்டோ வைக்கிற பெட்டிக்கு வந்தேன். ஜன்னல் திறந்தது. கடைசியாக எந்த இடத்தைத் திறந்தோமோ அந்த இடத்தைத்தான் அது திறக்கும், உனக்கே தெரியும். காலையில் திறந்தது பொற்கொடியின் இடம். அவளுடைய சான்றிதழ்கள், அந்தக் கடிதம், எல்லாம் வரிசையாக இருந்தது.

அவ்வளவுதான். அந்தக் கடிதம் தானாகப் போய்ப் பெட்டியில் உட்கார்ந்துகொண்டது. கொடுத்த படம் சரியா என்று பார்ப்பதற்கு அந்த வெப்சைட் பெரிதாக ஒரு தடவை காட்டும். காட்டியது. ஹாஸ்டல் பெயர். தெரு. ரூம் நம்பர். மூலையில் மொட்டையாக வெட்டின தலையோடு அவளுடைய போட்டோ.

அவன் படித்தான். எழுந்து போனான். நான் என்ன செய்ய முடியும்?

என்ன? பென்டிரைவ் வேறு இடத்தில் அல்லவா இருக்கும் என்கிறாயா? இருக்கும். அங்கே போவதற்குள் விரல் தவறி இரண்டு தட்டு விழுந்திருக்கும். எனக்கு வயசு ஐம்பத்தெட்டு.

கடிதம் தமிழிலா இங்கிலீஷிலா என்று ஏன் கேட்கிறாய்?

இங்கிலீஷ்தான். இப்போது எந்த ஹாஸ்டலில் தமிழில் எழுதுகிறார்கள்?

அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழே எழுத்துக்கூட்டித்தான். போட்டோவைப் பார்த்தான், "என்னாக்கா இது, என்னா போட்டிருக்கு?" என்றான். கேட்கிறவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா அம்மா? பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். படித்துக் காட்டினேன். தெருப் பெயரை இரண்டாம் தடவை கேட்டான். சொன்னேன். புருஷன் பெண்டாட்டி, நேரில் பார்த்தால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். ஒரு ஜோடி புடவை வாங்கிக்கொண்டு போடா, காலைப் பிடித்தாவது கூட்டிக்கொண்டு வா என்றுகூடச் சொன்னேன். புடவை வாங்கிக்கொண்டுதான் போனான். அதைக் கோர்ட்டில் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். அந்தப் புடவைப் பைக்குள்தான் கத்தி இருந்தது, சரி. புடவையும் இருந்தது அல்லவா?

சாயந்திரம் நாலரை மணி. ஹாஸ்டல் வாசலில் வேலை முடிந்த பெண்கள் வருகிற நேரம். நல்ல வெயில். அவன் எதிர்ப்பக்கத்து வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறான். அவள் பார்த்துவிட்டாள். ஓடவில்லை. "எப்பிடிடா வந்த?" என்றாளாம். அதுதான் அவள் கேட்டது. யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை.

முதல் போடு தோளில். கீழே விழவில்லை அவள். இரண்டாவது போடு கழுத்துக்கு வந்தது. வலது கையைக் குறுக்கே வைத்துத் தடுத்திருக்கிறாள். அவன் கை பலாப் பழம் அறுக்கிற கை அம்மா, தினம் நூறு பழம். மூன்று விரல். பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். மூன்றாவது போடு முதுகில். ஹாஸ்டல் வாட்ச்வுமன் ஜெபமாலை என்று ஒரு கிழவி, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இரும்பு வாளியோடு ஓடிவந்து அவன் தலையில் இறக்கினாள். வாளி நசுங்கிப்போயிற்று. அவன் விழுந்தான். விழுந்தவனை அந்தப் பெண்கள் செருப்பால், குடையால், டிபன் கேரியரால் அடித்தார்கள். பல்லால்கூட. அவன் காதைக் கடித்துத் துப்பினவள் ஒருத்தி இருக்கிறாள், பள்ளிக்கூடத்து டீச்சராம். போலீஸ் வந்து பிரித்தபோது அவன் முகம் இன்னதென்று தெரியவில்லையாம். ஜெபமாலை அந்த விரல்களைப் பொறுக்கி ஐஸ்கட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள். ஒட்டவில்லை.

எனக்கு ஆறு மணிக்குத் தகவல் வந்தது. கடையில் தனியாக இருந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? ஷட்டரைத் தூக்குகிற இரும்புக் கம்பியை எடுத்தேன். கம்ப்யூட்டரை அடித்தேன். திரை முதல் அடியிலேயே போயிற்று. கீழே இருந்த பெட்டியைக் கால் வைத்து மிதித்துக்கொண்டு அடித்தேன். தகரம் வளைந்தது, உள்ளே இருந்த தகடு வட்டமாகக் கண்ணாடி மாதிரி மின்னியது, அதைத் தனியாக எடுத்து வைத்து அடித்தேன். துரோகி, துரோகி என்று அடித்தேன். தெருவே நின்று பார்த்தது. கையெல்லாம் ரத்தம். நியாயமான கோபம்தானே? ஆனால் இன்ஸ்பெக்டர் என்ன கேட்டார் தெரியுமா? "ஏம்மா, இருந்த ஒரு ஆதாரத்தையும் ஒடச்சிட்டீங்களே. யாரைக் காப்பாத்த?" என்றார். யாரைக் காப்பாற்ற! நான் தண்டனை கொடுத்தேன், அவர் காப்பாற்றினாய் என்கிறார்.

அதனால்தான் இப்போது என் வாய் ஒன்றுதான் மிச்சம். தனவேலின் வக்கீல் என்ன சொல்கிறார் தெரியுமா? அவன் பழம் விற்க விழுப்புரம் போனானாம், கத்தி தொழிலுக்காகக் கொண்டுபோனதாம், எதேச்சையாகத் தெருவில் பெண்டாட்டியைப் பார்த்தானாம், ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டதாம். அரசாங்க வக்கீலம்மா சொல்கிறாள், பதினோரு மணிக்கே அவனுக்கு விலாசம் தெரியும், ஐந்தரை மணி நேரம் யோசித்துத்தான் போனான் என்று நான் சொன்னால் அது வேறு கேஸ், சொல்லாவிட்டால் வேறு கேஸ். சீக்கிரமே வெளியே வந்துவிடுவான். வந்தால் நேராக எங்கே போவான் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சொல்லத்தான் போகிறேன். விலாசம் தெரியும் என்று சொல்லத்தான் போகிறேன். கம்ப்யூட்டர் தானாகக் காட்டிவிட்டது என்று சொல்லப் போகிறேன். போலீசில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

என்ன? எதிர் வக்கீல் உன் மாதிரி ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்துவாரா? ஆள் தொடாமல் ஃபைல் போகாது, ஜன்னலே திறக்காது என்று அவர் சொல்வாரா? சொன்னால்? ஒரு வரி பொய்யானால் மற்ற வரியும் பொய்யாகிவிடுமா? பதினோரு மணியும் பொய்யா? அவன் ஸ்டூலில் உட்கார்ந்ததும் பொய்யா? அப்படியெல்லாம் ஆகுமா அம்மா?

நேற்று சாயந்திரம் பொற்கொடி போன் பண்ணினாள். ஐந்து மாசத்தில் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோதுகூட கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள், மருந்து மயக்கம். நேற்று என்ன சொன்னாள் தெரியுமா? "அக்கா, நடந்தத அப்பிடியே சொல்லுங்க. அது போதும். வேற ஒண்ணும் நான் கேக்கமாட்டேன்." பார்த்தாயா, என் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. ஏன் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானாகப் போயிற்று என்று போலீசில் நான் எழுதிக் கொடுத்ததை அவளும் படித்திருக்கிறாள். நம்பிவிட்டாள்.

ஏன் இப்படி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்? ஆமாம், அந்தப் பூட்டைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அதனால் என்ன?

கண்டரக்கோட்டைப் பாலத்துக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை பார். மணலும் இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டுமா? கேள்.

அதே திங்கட்கிழமை தனவேல் எப்படி வந்தானென்றா? போன் பண்ணினால் வரமாட்டானா? நான்தான் பண்ணினேன். "போட்டோ எடுத்துக்கிட்டு வாடா, மனு போடலாம்" என்றேன். அவளுடைய விண்ணப்பத்தை ஏற்றி முடித்த கையோடு பண்ணினேன். வேறு யார் பண்ணுவார்கள் அவனுக்கு? எட்டு மணி நேரம் தூங்குகிறாளாம். இங்கே அவன் சடையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். ஒருத்தி இருபத்திரண்டு வருஷம் ஒரு காதை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் படுத்தால் அவர் எழுந்து வருகிற சத்தம் கேட்கும் என்று பார்த்துப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவளுக்கு மட்டும் என்ன தனியாக ஒரு தூக்கம்?

உட்கார் அம்மா. ஏன் எழுந்துவிட்டாய்? நிற்க இடமே இல்லை, கோலியனூர்தான் தாண்டியிருக்கிறது. உட்கார். நான் தொடமாட்டேன். தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன், இதோ.

கோபப்படு, பரவாயில்லை. ஒரு உதவி மட்டும் செய். நீ படித்தவள். கூண்டில் ஏறியதும் நான் என்ன சொல்ல வேண்டும், நீயே சொல்லிக்கொடு. வக்கீல் எவன் வந்தாலும் கிழிக்க முடியாத மாதிரி. கம்ப்யூட்டர்காரன் எவன் வந்து நின்றாலும் ஆமாம் என்று தலையாட்டுகிற மாதிரி. அவன் வெளியே வராத மாதிரி. சுருக்கமாகச் சொல், எனக்கு ஞாபகம் நிற்காது.

அவ்வளவுதானா?

மறுபடி சொல். நான்தான் அவனைக் கூப்பிட்டேன். நான்தான் அந்தக் கடிதத்தை எடுத்தேன். நான்தான் படித்துக் காட்டினேன்.

மூன்றுதானா? இதைச் சொல்லிவிட்டு நான் அந்த ஊரில் எப்படி இருப்பேன் என்று யோசித்தாயா? உன் வேலை முடிந்தது, நீ இறங்கிப் போய்விடுவாய்.

பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. என் பையை எடு, அந்தப் பச்சைப் பை. அதோ, டீக்கடை ஓரத்தில், கிழவி ஒருத்தியோடு நிற்கிறாளே, அவள்தான். பொற்கொடி. கோர்ட்டுக்கு நேரே வருகிறேன் என்று நான் சொல்லியும் இங்கே வந்து நிற்கிறாள். நான் வருகிறேனா இல்லையா என்று பார்க்க வந்திருக்கிறாள். பார்த்துவிட்டாள். கையைத் தூக்கவில்லை, சிரிக்கவில்லை, பார்க்கிறாள்.

நான்தான் கூப்பிட்டேன். நான்தான் எடுத்தேன். நான்தான்.

ஏனம்மா, நீ சொன்ன மூன்றில் ஒன்றில்கூடக் கம்ப்யூட்டரே வரவில்லையே?